குசும்புக்குக் கடுங்காவல்

கோயமுத்தூர்க்காரனுக்குக் குசும்பு ஜாஸ்தி என்று ஒரு பேர் உண்டு. வாஸ்தவம்தான். எங்கள் ஆபீஸில் ஒரு மேனேஜர் இருந்தார். பதினொரு மணிக்கு முன்னால் அவர் வந்து யாரும் பார்த்ததில்லை. ஒருநாள் அட்டெண்டர் எழுந்து நின்று, பவ்யமாகக் கும்பிட்டு, "வாங்க சார்... மத்தியானச் சாப்பாடு ஆச்சுங்ளா?" என்று கேட்டார். வார்த்தைக்கு வார்த்தை மரியாதை! மெமோ கொடுக்கலாம் என்றால், அதில் என்ன குற்றமென்று எழுதுவது? மறுநாள் மனுஷன் ஒன்பதரைக்கே ஆஜர்.

இதே குசும்பு 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் வந்தது. மேடையில் இருக்கிற ரெண்டு பேரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருத்தர் கேட்கிறார். ஜேப்படித் திருடன் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்று பதில் வருகிறது. அவ்வளவுதான் ஜோக். பேர் இல்லை, ஊர் இல்லை, கட்சியும் இல்லை.

இங்கேதான் எங்கள் மேனேஜர் எவ்வளவோ தேவலை! 'அது எங்களைத்தான்' என்று சட்டசபையே கையைத் தூக்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியன் முடியாது என்றார். ஏப்ரல் 4-ம் தேதி, சபாநாயகர் பி.எச்.பாண்டியன் தலைமையில் இருந்த சபை அவருக்கு மூன்று மாதம் கடுங்காவல் கொடுத்தது. கோர்ட்டும் கிடையாது, ஜட்ஜும் கிடையாது. நாடு முழுக்கப் பத்திரிகைகள் கொதித்ததும் சில நாளிலேயே வெளியே விட்டார்கள்.

வேற ஆளாக இருந்தால் 'போதுமடா சாமி' என்று வீட்டுக்குப் போயிருப்பார். இவர் ஹைகோர்ட்டுக்குப் போனார். 1994-ல் தீர்ப்பு அவர் பக்கம். நஷ்டஈடு ஆயிரம் ரூபாய். (ஏழு வருஷத்து ஆட்டோ செலவுக்காவது கட்டுமா?) அவருக்கு வேண்டியிருந்தது பணமில்லை. சபை நினைத்தால் ஒருத்தனை உள்ளே தள்ளிவிடலாமா என்கிற கேள்விக்குப் பதில்.

எல்லாப் படமும் சிரிப்பதற்கில்லை. 2017 அக்டோபரில், நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கந்துவட்டி தாங்காமல் கணவன், மனைவி, ரெண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகினார்கள். பலமுறை மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. கார்ட்டூனிஸ்ட் பாலா, முதல்வரையும் கலெக்டரையும் போலீஸ் கமிஷனரையும் துணியில்லாமல், பணத்தால் மானத்தை மறைத்தபடி வரைந்தார். நவம்பரில் நெல்லை போலீஸ் சென்னை வரைக்கும் போய் அவரைப் பிடித்து வந்தது, மறுநாள் ஜாமீன். அந்த மனுக்களுக்கு இதில் பாதி வேகம் காட்டியிருந்தால், அவருக்கு அந்தப் படம் போடுகிற வேலையே இருந்திருக்காதுங்க.