டர்போ வண்டியும் கலிங்கும்

டர்போசார்ஜர் பூட்டிய மோட்டார் வண்டிக்கு எவ்வகை வேஸ்ட்கேட் தகும் என்னும் வழக்கு எம் விடுதியில் ஒரு மாதமாக ஓய்ந்தபாடில்லை. தமிழ் பயில்வார்க்கு இதில் என்ன வேலை என்று நகைப்பாரும் உளர். எனினும், அதன் தொழிலைக் கேட்ட அன்றே எமக்கு நினைவில் எழுந்தது ஏரிக்கரையிலுள்ள கலிங்கு. ஆதலின் எம் கருத்தையும் ஈண்டுக் கூறத் துணிந்தனம்.

எஞ்சினினின்று வெளிப்படும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அவ்வச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுந்தால் எரிபொருள் மிகுதியாய் எரியும், புகை மிகும், சக்கரம் இன்னும் விரையும். ஒன்றையொன்று வளர்க்கும் இச்சுழற்சிக்கு எல்லை இன்றேல் பிஸ்டன் உடையும். ஆகவே புகையில் ஒரு பகுதியைச் சக்கரத்தின்பாற் செல்லவிடாது பக்கவழியே கழித்துவிடுங் கதவே வேஸ்ட்கேட். மிகுநீரைக் கழிக்குங் கலிங்கு செய்வதும் இதுவே அன்றோ?

கதவின்றியும் வண்டி ஓடும். 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரலே கார்வேர் மான்ஸா ஸ்பைடர் அத்தகையது. புகைவழியின் நெருக்கமே அதற்கு எல்லை. அவ்வாண்டே வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயருக்குக் கதவு இருந்தது. பின்னர் ஸ்வீடன் நாட்டுச் சாப் நிறுவனத்தார் தம் 99 டர்போ வண்டியில், விரைவில் விழித்தெழுஞ் சிறு டர்போவை வைத்து, மிகையைக் கதவினாற் கழித்தனர். கதவின் உண்மைப் பயன் அதுவே என்பது எம் துணிபு. காவலுக்கு மட்டுமன்று, சிறு டர்போவைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் அது தருகின்றது.

கதவு இருவகைப்படும். டர்போவின் கூட்டிற்குள்ளேயே அமைந்த சிறு மூடி ஒன்று. புகைக்குழாய்கள் கூடுமிடத்திற் தனியே பொருத்தப்படும் வால்வு மற்றொன்று. எம் நண்பர் பலர் வெளிக்கதவே வேண்டும் என்பர். காரணம் வினவினால், அதன் வாயைத் திறந்த வெளியில் விட்டால் எழும் அலறலைப் புகழ்வர். அவ்வழியே போகும் புகை தூய்மை செய்யுங் கருவியையும் தாண்டிச் செல்கின்றது. தெருவில் உறங்குங் குழந்தையும் விழித்துக்கொள்ளும். இதற்காகவோ பொருள் செலவிடுவது? பந்தய வண்டிக்கும், பெரிய டர்போவுக்கும் வெளிக்கதவே தகும் என்பதை யாம் மறுக்கிலோம். நாடோறும் தெருவில் ஓடும் வண்டிக்கு உட்கதவே போதும். ஆனால் அதன் துளை போதிய அகலமுடையதாதல் வேண்டும்.

இதனை எம் நண்பர் ஒருவருடைய தமையனார் துன்புற்றுக் கற்றார். அவர் தம் வண்டியின் புகைக்குழாயை நீக்கி அகன்றதொன்றை மாட்டினார். 0.7 பாரில் நிற்க வேண்டிய அழுத்தம், எஞ்சின் விரையுந்தோறும் மெல்ல ஏறி 1.1 பாரைத் தொட்டது. பட்டறையார் மின்னால் இயங்கும் அழுத்தக் கருவி ஒன்றை விற்றனர். அக்கருவி கதவின் சுருள்வில் விதித்த அளவிற்கு மேலே ஏற்றவல்லதேயன்றிக் கீழே இறக்கவல்லதன்று. சில வாரங்களில் ஒரு பிஸ்டன் பிளந்தது. தங்கையின் படிப்புக்கென வைத்த பணம் அதனோடு போயிற்று. கதவு முற்றும் திறந்துதான் இருந்தது. புகை முழுதும் கழியத் துளைதான் இடந்தரவில்லை.

ஈண்டு ஒரு விந்தையைக் கூறல் வேண்டும். குறைந்த அழுத்தம் விரும்புவோர் சிறு கதவே போதும் என்று கருதுகின்றனர். உண்மை அதற்கு நேர்மாறு. ஏரியின் நீர்மட்டத்தைத் தாழ்வாக நிறுத்தக் கருதுவோன் கலிங்கை அகலமாகவன்றோ கட்டுவான்? குறுகிய கலிங்கு வெள்ளக்காலத்தில் நீரைத் தாங்காது; மட்டம் ஏறும். அவ்வாறே ஒரே எஞ்சினில், ஒரே டர்போவில், அழுத்தம் குறையக் குறையக் கழிக்க வேண்டிய புகை மிகும். 38 மில்லிமீட்டர் வால்வு போதாத விடத்து 44 வேண்டப்படுவது பெரும்பாலும் இதனாலேயே. வெளிக்கதவாயினும் கிளைக்குழாய் புகையோடும் திசையிற் சாய்ந்து பிரிதல் வேண்டும். செங்குத்தாகத் திருப்பினால் எத்துணைப் பெரிய வால்வும் பயன்படாது.

சுருள்வில்லை, எஞ்சின் தாங்கத்தக்க மிகக் குறைந்த அளவிற்கே தெரிதல் நன்று. கதவை இயக்குங் கருவிக்குக் காற்றழுத்தத்தைக் கொண்டுசெல்லுஞ் சிறு ரப்பர்க் குழாயையும் அடிக்கடி பார்க்க வேண்டும். அது கழன்றால் கதவு திறவாது, அழுத்தம் கட்டின்றி ஏறும்.

தமையனார் வண்டிக்கு இறுதியில் வேறொரு மெக்கானிக் வைத்தியஞ் செய்தார். டர்போவின் கூட்டைக் கழற்றித் துளையை அரத்தால் அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய மூடியும் பொருத்தினார். இப்பொழுது மானியின் முள் 0.7-இல் நிற்கின்றது. எம் நண்பரோ, அலறல் இல்லையே என்று இன்னும் குறைபட்டுக்கொள்கின்றார்.