முன்னெஞ்சினும் பின்னெஞ்சினும்

தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு மோட்டார்ப் பந்தயத்தோடு யாது உறவு என்று நண்பர் சிலர் எம்மை நகைத்து வினவுதலுண்டு. தேரோட்டியை வலவன் என்று போற்றி, வினைமுடித்து மீளும் தலைவன் அவனை நோக்கித் தேரை விரையக் கடவுக எனக் கூறும் பாடல்களை நாள்தோறும் ஓதுகின்றோம். வலவனுக்கும் அவன் கடவும் தேருக்கும் உள்ள உறவு எமக்கு எங்ஙனம் அயலான பொருளாகும்?

ஈண்டு யாம் எடுத்துக்கொண்டவை, 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு நூர்பர்க்ரிங் பந்தயச் சாலையில் ஒன்றையொன்று எதிர்த்த இரண்டு வண்டிகள். ஒன்று மெர்ஸிடிஸ்-பென்ஸ் டபிள்யூ 125. மற்றொன்று ஆட்டோ யூனியன் ‘சி’ வகை. இரண்டிற்கும் ஹிட்லரது அரசு பொருளுதவி அளித்து, அவற்றின் வெற்றியைத் தன் புகழ்ச்சிக்குக் கருவியாக்கிக் கொண்டது. இதனை மறைத்து அவ்வண்டிகளைப் புகழ்தல் நேர்மையாகாது. ஆதலின் முதற்கண்ணே கூறிவிட்டோம்.

எரிபொருளும் டயரும் நீங்கலாக வண்டியின் எடை 750 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அக்காலத்து விதி. அச்சிறு எடைக்குள் இரு சாராரும் 500-க்கு மேற்பட்ட குதிரைத்திறனை அடைத்துவிட்டனர். மெர்ஸிடிஸ் பழைய முறைப்படி எட்டுச் சிலிண்டர் எஞ்சினை முன்னே வைத்தது. போர்ஷே என்னும் பொறியறிஞர் வகுத்த ஆட்டோ யூனியனோ பதினாறு சிலிண்டர் எஞ்சினை வலவனின் முதுகுக்குப் பின்னே வைத்தது. எரிபொருள் தொட்டி நடுவே அமைந்தமையால், எண்ணெய் குறையக் குறைய வண்டியின் சமநிலை பெரிதும் மாறாதிருந்தது. வாலில் தொட்டியைத் தாங்கிய மெர்ஸிடிஸுக்கு இந்நன்மை இல்லை.

வளைவுகளில் இவற்றின் நடை பெரிதும் வேறுபட்டது. மெர்ஸிடிஸின் பின்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கின், அது படிப்படியாக நிகழும். வலவன் அதனை உணர்ந்து, எஞ்சினின் விசையைக் கூட்டியும் குறைத்தும் வண்டியை வழிப்படுத்தலாம். ஆட்டோ யூனியனில் வலவன் முன்சக்கரங்களை அடுத்து அமர்ந்திருந்தான். வால் விலகும் செய்தி அவனுக்குக் காலந்தாழ்ந்தே எட்டியது. எட்டியபோதோ வால் வெகுதூரம் சென்றிருக்கும்.

இதனைக் கண்டோர், ‘எஞ்சினைப் பின்னே வைத்ததே பிழை’ என்று தீர்ப்புக் கூறினர். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலிருந்து நேரே வந்த ரோஸ்மேயர் ஒருவரே அவ்வண்டியை முற்றும் அடக்கினார் என்றும், பழைய வண்டிகளில் ஊறிய பழக்கம் அவருக்கு இல்லாமையே அதற்குக் காரணம் என்றும் உரைத்தனர். இத்தீர்ப்பை யாம் ஏற்கின்றிலோம். பின்னெஞ்சின் என்பது பார்த்த மாத்திரத்தில் யார்க்கும் புலப்படுவது; புலப்பட்டதொன்றின் மேலேயே எல்லாப் பழியையும் சுமத்திவிட்டனர் என்பது எம் கருத்து.

கண்ணுக்குத் தோன்றாத வேறுபாடு ஒன்று வண்டியின் அடியில் இருந்தது. ஆட்டோ யூனியனின் பின்னச்சு நடுவே கீல்போற் பிணைக்கப்பட்ட இரு பாதிகளால் ஆயது. சக்கரம் ஏறி இறங்குந்தோறும் அதுவும் உடன் சாயும். கடும் வளைவில் வண்டியின் பின்புறம் மேலெழும்ப, சக்கரம் உட்புறமாக மடங்கி, டயர் தரையைப் பற்றும் பரப்பு திடீரெனக் குறையும். மெர்ஸிடிஸின் முந்திய வண்டியாகிய டபிள்யூ 25-லும் இத்தகைய அச்சே இருந்தது. எஞ்சின் முன்னே இருந்தும் 1936-இல் அது தன் வலவர்களைப் பெரிதும் அலைக்கழித்தது. அப்போது பந்தயப் பகுதியின் பொறுப்பை ஏற்ற ஊலன்ஹௌட் என்னும் இளம் பொறியாளர், பிறர் சொல்லை நம்பியிராது, தாமே அவ்வண்டியை நூர்பர்க்ரிங்கில் பன்முறை ஓட்டிப் பார்த்தார். வில்கள் மிகக் கடினமாயிருந்தமையால் அவை வளையாமல் சட்டமே வளைகின்றது எனக் கண்டார். ஆதலின் டபிள்யூ 125-க்கு உறுதியான சட்டமும், மெல்லிய வில்களும், இரு பின்சக்கரங்களையும் நிமிர்ந்தே நிறுத்தும் டி டியோன் அச்சும் அமைந்தன. 1937-இன் மெர்ஸிடிஸை மெச்சுவோர் உண்மையில் மெச்சுவது இவற்றையே.

வெற்றிகளை எண்ணி முடிவு கூறலாமோ எனின், அதுவும் இயலாது. 1937-இல் அதே சாலையில் ஐஃபெல் பந்தயத்தை ரோஸ்மேயர் ஆட்டோ யூனியனில் வென்றார். அடுத்து நிகழ்ந்த ஜெர்மன் கிராண்ட் பிரீயைக் கராச்சியோலா மெர்ஸிடிஸில் வென்றார். மறு ஆண்டு ஜனவரியில், தம் 28-ஆம் வயதில், நெடுஞ்சாலை வேக முயற்சியொன்றில் ரோஸ்மேயர் உயிர் துறந்தார். அவரன்றி அவ்வண்டியை ஓட்டுவார் இல்லை என்ற பேச்சு அதனால் மேலும் வலுப்பெற்றது.

1938-இல் விதி மாறியது. ஆட்டோ யூனியன் மூன்று லிட்டர் எஞ்சினுடன் புதிய ‘டி’ வகையை இறக்கியது. எஞ்சின் பின்னேதான் இருந்தது. அச்சோ டி டியோன் அச்சாயிற்று. எரிபொருள் தொட்டிகள் பக்கங்களுக்குச் செல்லவே, வலவனின் இருக்கையும் சற்றுப் பின்தள்ளி அமைந்தது. இத்தனையும் ஒருங்கே மாறியமையால் நன்மை முழுவதும் அச்சினால் விளைந்தது என்று யாம் வாதிடோம். எஞ்சினின் இடம் மாறவில்லை என்பதொன்றே எமக்குப் போதும். இருபது ஆண்டு கழித்துக் கூப்பர் என்னும் ஆங்கிலச் சிறு நிறுவனத்தின் பின்னெஞ்சின் வண்டி 1958-இல் அர்ஜென்டீனாவில் வென்றது. 1960-இன் இத்தாலியப் போட்டிக்குப் பின் முன்னெஞ்சின் வண்டி எதுவும் உலகச் சாம்பியன் பட்டத்திற்குரிய கிராண்ட் பிரீயை வென்றதில்லை.

ரோஸ்மேயர் விட்டுச்சென்ற இருக்கைக்கு அவ்வாண்டின் நடுவில் வந்தவர் நுவோலாரி. வயது 45. ஆல்ஃபா ரோமியோ முதலிய முன்னெஞ்சின் வண்டிகளிலேயே புகழ் ஈட்டியவர்; பழைய பழக்கம் தடையாகுமெனின் அவருக்கன்றோ முதலில் ஆகவேண்டும்! செப்டம்பரில் மோன்சாவிலும், அக்டோபரில் இங்கிலாந்தின் டோனிங்டனிலும் அவரே வென்றார்.