மண்ணில் விளைந்ததனால் மட்டும்

"மண்ணில் விளைந்தது எதுவும் மேனிக்குத் தீங்கு செய்யாது, ஆகவே மூலிகைப் பூச்சுகளுக்குப் பரிசோதனை அநாவசியம்" என்று வாதிக்கும் நண்பர், துணிகளுக்குக் குறியிட நம் வண்ணார் பயன்படுத்திய சேராங்கொட்டையும் மண்ணில் விளைந்ததே என்பதையும், அதன் பால் பட்ட தோல் கொப்புளித்துப் புண்ணாகும் என்பதையும் எவ்வாறு மறந்தாரோ, அறியேன்.

அவர் வெகுவாகச் சிலாகிக்கும் நலங்கு மாவையே எடுத்துக்கொள்வோம். பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ ஆகியவற்றோடு கார்போகரிசியையும் சேர்த்து அரைப்பதுண்டு. அந்தச் சிறு கருவிதையில் அடங்கிய சோரலென் என்னும் வஸ்து, சூரிய கிரணங்களின் புறஊதாக் கூறு படும்போது தோலில் வினைபுரியும் இயல்புடையதாதலால், வெண்புள்ளிக்கு அது ஔஷதமாவதற்கும், மிகுதியாகப் பூசி வெயிலில் நின்றவர் மேனி சிவந்து வெந்துபோவதற்கும் காரணம் ஒன்றேயாகும். கஸ்தூரி மஞ்சளோ இன்னும் விநோதம். கடையில் அப்பெயரால் விற்பனையாவது பலவேளை வேறொரு கிழங்கின் பொடி!

மஞ்சள் புண்ணாற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் ரத்தானதை நண்பர் பெருமிதத்தோடு எடுத்துரைக்கிறார். நன்று, ஆனால் அது ரத்தானது நம் பாட்டிமாரின் புகழைப் பாடியதனால் அன்று, பழைய நூல்களின் பிரமாணங்களை முறையாக முன்வைத்ததனால். சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் மருந்தில் சேர்க்காத சித்த வைத்தியருக்கும் பரிசோதனை அந்நியமன்று.

விற்போர் எந்தத் தாவரம், எவ்வளவு என்று டப்பாவில் அச்சிடட்டும். வாங்குவோர் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி, ஒருநாள் பொறுத்துப் பார்க்கட்டும்.