கண்டிச் சிங்கமும் எமது பங்கும்

பத்து ரூபா நாணயம் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வீட்டில் கடவுச்சீட்டு இருந்தால் அதன் அட்டையையும் பாருங்கள். இரண்டிலும் நாட்டின் இலச்சினை இருக்கும். நடுவே வாளேந்திய சிங்கம். அதைச் சுற்றி நீலோற்பல இதழ்கள். கீழே நிறைகுடம், அதிலிருந்து எழும் நெற்கதிர்கள், குடத்தின் இருபுறமும் சூரியனும் சந்திரனும். உச்சியில் தர்மச் சக்கரம். அன்றாடம் நம் கையில் புழங்கும் இந்தப் படத்தை நாம் ஒருநாளாவது நின்று வாசித்திருக்கிறோமா?

சிறு வகுப்பிலிருந்து எமக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான். "தேசியக் கொடியில் முஸ்லிம்களைக் குறிப்பது எது?" "பச்சைக் கோடு" என்று எழுதினால் ஒரு புள்ளி கிடைக்கும். வெள்ளவத்தையில் டியூஷன் வகுப்பில் என்னருகே அமரும் தமிழ்த் தோழியும் இப்படித்தான் படித்திருக்கிறாள். அவளுக்குச் செம்மஞ்சள் கோடு, எனக்குப் பச்சைக் கோடு. அப்படியானால் சிங்கம் யாருடையது? அந்தக் கேள்வியை எங்கள் இருவரிடமும் எவரும் கேட்டதில்லை. அது வேறு யாருக்கோ உரியது என்று நாங்களாகவே எண்ணிக்கொண்டோம்.

இதே எண்ணத்தை வேறொரு பக்கத்திலிருந்து கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முச்சக்கர வண்டிகளிலும் கார்களிலும் "சிங்க லே" என்ற ஸ்டிக்கர் பரவியது. அதில் கொடியின் சிங்கம் இருந்தது. பச்சைக் கோடும் செம்மஞ்சள் கோடும் இல்லை. கோட்டோடு திருப்திப்பட்டு நிற்கும் நாமும் கோட்டை வெட்டியெறிந்த அவர்களும் ஒரே தவறைத்தான் செய்கிறோம். சிங்கம் ஓர் இனத்துக்கு மட்டுமே சொந்தம் என்று இரு தரப்பும் நம்புகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இந்தச் சிங்கம் மலைநாட்டிலிருந்து வந்தது. கண்டி இராச்சியத்தின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் கொடியில் இருந்த சிங்கம் இது. அந்த மன்னனோ தென்னிந்திய நாயக்கர் வம்சத்தில் வந்தவன். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது, கொடியும் இங்கிலாந்துக்குப் போனது. நூறு ஆண்டுகள் அளவில் சென்ற பின்னரே ஈ. டபிள்யூ. பெரேரா அதை லண்டன் செல்சியிலுள்ள முதிய படைவீரர் இல்லத்தில் கண்டுபிடித்தார்.

அந்த மலை இராச்சியத்துக்கும் எமக்கும் என்ன உறவு? 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்போது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தான். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கண்டி அரசில் "மடிகே" என்ற போக்குவரத்துப் பிரிவு இருந்தது. பொதி மாடுகளில் உப்பையும் கருவாட்டையும் மலைக்கு ஏற்றி, பாக்கைக் கீழே இறக்கிய அந்த வேலையில் முஸ்லிம்கள் பெரும்பங்கு வகித்தார்கள். அரசவையில் முஸ்லிம் வைத்தியர்களும் இருந்தார்கள்.

இப்போது 1948க்கு வருவோம். சுதந்திரத்துக்குச் சில வாரங்களே இருந்த நேரம். ஜனவரி 16ஆம் திகதி, கண்டியின் கடைசி மன்னனின் சிங்கக் கொடியையே சுதந்திர இலங்கையின் கொடியாக ஏற்க வேண்டும் என்ற பிரேரணை பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அதைக் கொண்டு வந்தவர் மட்டக்களப்பு உறுப்பினர், முதலியார் ஏ. சின்னலெவ்வை. ஒரு முஸ்லிம். செனரத் எம்மவர்க்கு நிலம் கொடுத்த அதே மட்டக்களப்பிலிருந்து, முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கண்டிச் சிங்கத்துக்காக ஒரு குரல் எழுந்திருக்கிறது. எம் பாடப்புத்தகத்தில் பச்சைக் கோட்டுக்கு இடம் இருக்கிறது. இந்த மனிதரின் பெயரை உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

"எல்லாம் சரி, சின்னத்தில் எம் மொழி எங்கே?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கொடியை ஆராய்ந்த குழுவில் கல்விமான் டி. பி. ஜாயாவும் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் இருந்தார்கள். இன்னோர் உறுப்பினரான செனட்டர் எஸ். நடேசன், அந்த வடிவம் தேசிய ஒற்றுமையின் சின்னமாகாது என்று கருதி ஒப்பமிட மறுத்தார். 1954இல் வந்த இலச்சினையில் நாட்டின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் இருந்தது. 1972இல் இப்போதைய இலச்சினை வந்தபோது அந்த எழுத்துகள் மறைந்துவிட்டன. அவை திரும்ப வர வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அப்படிக் கேட்பதற்கு, இந்தச் சின்னம் முழுவதிலும் எமக்குப் பங்கு உண்டு என்று முதலில் நாம் நம்ப வேண்டும். ஓரத்தில் குடியிருப்பவரால் வீட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்க முடியாது. அந்த நெற்கதிரைப் பாருங்கள். அம்பாறை வயலில் விளைந்த நெல்லிடம் விதைத்தவன் யாரென்று எவரும் கேட்பதில்லை.

கண்டி மாநகரின் மகுட வாசகத்தைத் தமிழில் "விசுவாசமும் சுதந்திரமும்" என்று சொல்லலாம். இந்த இரண்டு சொற்களும் சேர்ந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு அது தூரமில்லை. உயிரிழந்தவர்கள் எம் அயலவர்கள். அந்தத் துயரத்தில் பங்குகொள்ளும் முன்னரே, "நீங்கள் இந்த நாட்டுக்கு விசுவாசமா?" என்ற கேள்வி எம் உம்மாமாரின் ஆடையிலும் வாப்பாமாரின் கடை வாசலிலும் வந்து நின்றது. "வெளியே அதிகம் கதைக்காதீங்க" என்று சொல்லியே பல வீடுகளில் எம்மை வளர்த்தார்கள். பயத்தில் சொன்னார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பயந்தவரிடமிருந்து கிடைப்பது அடக்கம் மட்டுமே. விசுவாசம் சுதந்திரமாக இருப்பவர் தாமாகக் கொடுப்பது. செனரத் அடைக்கலம் கொடுத்தான், மிரட்டவில்லை. சின்னலெவ்வையை யாரும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை, அவராகவே எழுந்து பேசினார்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். "பச்சைக் கோடு" என்ற விடைக்கு ஒரு புள்ளி கொடுங்கள், அதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். பெற்றோரிடமும் ஒன்று கேட்கிறேன். வெளியே கதைக்காதே என்று பிள்ளையிடம் சொல்லும் நாளில், 1626ஐயும் 1948ஐயும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். தன் பங்கு இன்னதென்று அறிந்த பிள்ளை எங்கே கதைக்க வேண்டும், என்ன கதைக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்ளும்.