கண்டிப்புக்குக் கல்லூரி எதற்கு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து நம் ஊர்களில் ஒரு வாக்கியம் வீட்டுக்கு வீடு உலா வரும்: “பேசாம கிறிஸ்டியன் காலேஜ்ல சேத்து விடுங்க. கண்டிப்பா இருப்பாங்க.” சொல்பவர் பெரும்பாலும் கிறிஸ்தவர் இல்லை. பக்கத்து வீட்டு மாமா, டியூஷன் சார், தன் பையனை அங்கே படிக்க வைத்த சித்தப்பா என்று யாராவது இருப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு மே மாத வெயிலில் வந்து வரிசையில் நிற்கும் அப்பாவுக்கு எந்தப் பாடம் என்பது இரண்டாம்பட்சம். பி.காம். கிடைக்காவிட்டால் பொருளியல், அதுவும் இல்லையென்றால் வரலாறு. பிள்ளை கேட்டைத் தாண்டி உள்ளே போய்விட்டால் போதும். மற்றதை ஃபாதரோ சிஸ்டரோ பார்த்துக்கொள்வார்கள்.

கலைக் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இந்த நம்பிக்கை செய்த கெடுதலை வேறெதுவும் செய்ததில்லை என்பது என் கட்சி. கிறிஸ்தவக் கல்லூரிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை. பல நல்லவை, சில மிக நல்லவை. ஆனால் அவை எதனால் நல்லவை என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டு, அந்தத் தப்பான காரணத்துக்காகவே போய்ச் சேருகிறோம். கல்லூரிகளும் சந்தையின் போக்கைப் பார்த்து, நாம் கேட்கிற சரக்கையே கடை வாசலில் எடுத்து வைக்கின்றன.

ஏதாவது ஒரு கல்லூரியின் கையேட்டை எடுத்து விதிமுறைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். சட்டையை இன் செய்ய வேண்டும். டீ-ஷர்ட் கூடாது. துப்பட்டாவைப் பின் குத்தியிருக்க வேண்டும். ஐடி கார்டு கழுத்தில் தொங்க வேண்டும். செல்போன் வெளியே தெரிந்தால் பறிமுதல். மணி அடித்த பிறகு வந்தால் கேட் திறக்காது. சொல்லாமல் லீவு போட்டால் பெற்றோரை அழைத்து வர வேண்டும். பக்கம் பக்கமாகப் போகும். பிறகு அதே கையேட்டில் நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும், முதலாண்டு மாணவர் ஒரே நேரத்தில் எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்று தேடுங்கள். கிடைத்தால் ஒரு வரி கிடைக்கும்.

இந்தக் கண்டிப்புப் பெயர் பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. பிரம்போடு வராந்தாவில் நடக்கும் பிரதர், நகத்தைப் பார்க்கும் சிஸ்டர் என்று கான்வென்ட் பற்றி நம்மிடம் ஒரு சித்திரம் இருக்கிறது. அதைப் பதினெட்டு வயதுக்கும் நீட்டிவிட்டோம். கண்டிப்புதான் அளவுகோல் என்றால் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்குப் பரிசு கிடைக்காது. ஆணும் பெண்ணும் பேசினால் அபராதம், ஏறி இறங்கத் தனித்தனி மாடிப்படி என்று நடத்திய சில தனியார் பொறியியல் கல்லூரிகள் அவற்றை எப்போதோ தோற்கடித்துவிட்டன.

இந்தக் கல்லூரிகளுக்குப் பெயர் வந்த விதம் வேறு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1837இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கியது. 1862இல் வந்து சேர்ந்த வில்லியம் மில்லர் அதைக் கல்லூரியாக வளர்த்தார். இத்தனை செலவு செய்கிறீர்களே, மதம் மாறியவர்கள் எத்தனை பேர் என்று மிஷனின் தாயகமான ஸ்காட்லாந்திலிருந்து கேள்வி வந்தது. கல்லூரியை அளக்கும் கோல் அது என்று மில்லர் ஒப்புக்கொள்ளவில்லை. பரிதிமாற் கலைஞரான சூரியநாராயண சாஸ்திரியார் அங்கே தமிழ் கற்பித்தார். 1898 முதல் 1911 வரை மறைமலையடிகள் கற்பித்தார். மிஷனரி கல்லூரியில் சம்பளம் வாங்கிக்கொண்டே அடிகள் ஊர் ஊராகச் சைவ சித்தாந்தம் பேசினார்.

ராதாகிருஷ்ணன் கதை இன்னும் சுவையானது. வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்துவிட்டு இங்கே தத்துவம் படிக்க வந்தார். இந்து மதத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்று மிஷனரிகள் வகுப்பிலேயே விமர்சிப்பது அவரை உறுத்தியது. எம்.ஏ. ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் வேதாந்தத்தின் ஒழுக்கவியல். விமர்சனத்துக்கு நேரடிப் பதில். அது 1908இல் அச்சானது. ஆசிரியர் ஏ.ஜி. ஹாக் ஒரு மிஷனரி. கருத்தில் எதிர் அணி. ஆனாலும் அந்த ஆய்வேட்டைப் பாராட்டினார். இன்று ஒரு மாணவர் வகுப்பில் எழுந்து “சார், நீங்க சொல்றது சரியில்ல” என்று சொன்னால் இன்டர்னல் மார்க் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளில் அந்த மதிப்பெண்ணின் கடிவாளம் ஆசிரியர் கையில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் மட்டும் கட்டுப்பாடு இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. பைபிள் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். மிஷனரிகள் ஜனநாயகவாதிகளாகப் பிறந்து வந்தவர்கள் அல்லர். காலனி ஆட்சியின் நிழலில் நின்றவர்கள். ஆனால் எதிர்த்து வாதாட இடம் விட்டார்கள், வாதத்தில் சரக்கு இருந்தால் மதித்தார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் தமிழ்த் துறையிலிருந்து சாலமன் பாப்பையா வந்தார் என்பதை நினைத்தால், அந்த மரபு பட்டிமன்ற மேடைவரை வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

கண்டிப்புக் கட்சிக்காரர்கள் இங்கே அப்துல் கலாமை இழுப்பார்கள். திருச்சி தூய வளனார் கல்லூரி விடுதியில், தினமும் இரவு கையில் பைபிளோடு அறை அறையாக வந்து மாணவர்களைப் பார்ப்பாராம் வார்டன் ஃபாதர் செக்குவேரா. கலாமே எழுதியிருக்கிறார். சரிதான். அதே இடத்தில் அவர் இன்னொன்றும் எழுதுகிறார்: தீபாவளி வந்தால் அந்த ஃபாதர் சொல்லி, எண்ணெய்க் குளியலுக்கு ஒவ்வோர் அறைக்கும் நல்லெண்ணெய் போகும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு சேசு சபைக் குருவின் விடுதியில், இந்து மாணவர்களின் தலைக்கு நல்லெண்ணெய். ராமேசுவரத்து முஸ்லிம் பையன் கடைசி ஆண்டில் அங்கே சைவ மெஸ்ஸின் செயலாளர். வார்டன் இரவில் வந்ததைக் கண்காணிப்பு என்று படிப்பவர்கள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை இன்னொரு விதம். “நம்ம காலேஜ், பிள்ளை விசுவாசத்துல நிலைச்சிருப்பா” என்று ஞானஸ்நான சர்டிபிகேட்டும் பாஸ்டர் கடிதமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சிறுபான்மை ஒதுக்கீட்டுக்கு அவை தேவை. அது அரசியல் சட்டம் தந்த உரிமை. ஆனால் பக்கத்து பெஞ்சில் உட்காரும் தோழி திருநள்ளாற்றுக்குப் போய்வந்த கதை சொல்வாள். இன்னொருத்தி எந்தக் கடவுளும் இல்லை என்பாள். விசுவாசம் அங்கே கேள்விகளைச் சந்திக்கப் போகிறது, ஒளிந்துகொள்ளப் போவதில்லை.

இந்த நம்பிக்கையால் அதிகம் அடி வாங்குவது தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறை மாணவர்தான். முதல் மாதம் வகுப்பு முழுக்க இங்கிலீஷில் ஓடும். பாதி புரியும், பாதி புரியாது. பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொள்வார். அவரை எல்லோரும் ‘ரொம்ப நல்ல பையன், சத்தமே இல்ல’ என்பார்கள். அந்த அமைதி ஒழுக்கத்தால் வந்ததில்லை, பயத்தால் வந்தது. கண்டிப்பைக் கொண்டாடும் கல்லூரிக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று வருஷம் அவர் அப்படியே இருந்துவிட்டு, வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் டிகிரி வாங்கிக்கொண்டு போவார். அட்டென்டென்ஸ் மட்டும் நூற்றுக்கு நூறு.

சங்கடமான விஷயம் ஒன்றும் இருக்கிறது. யாரும் வாய் திறக்காத இடத்தில் தப்பு செய்கிறவருக்குத்தான் வசதி. பாலியல் தொல்லை பற்றிப் பெண் புகார் கொடுத்தால் ‘கல்லூரிப் பேரு கெட்டுடும்’ என்று முதலில் சொல்வது இந்தக் கண்டிப்புப் பெயரைக் காப்பாற்ற நினைப்பவர்கள்தான். எந்த மதத்தின் கல்லூரிக்கும் இது பொருந்தும். 2015ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிகள், மாணவர் தொடர்பான புகாரை விசாரிக்கும் உள்புகார்க் குழுவில் மாணவர்களே தேர்ந்தெடுத்த மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்கின்றன. சேர்வதற்கு முன் அந்தக் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். கேட்டதும் பதில் வந்தால் அது நல்ல கல்லூரி. ‘அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?’ என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

கேட்க வேண்டியவற்றில் முதன்மையானது இன்னொன்று: நான் சேரும் துறை எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? ஒரே வளாகம், ஒரே ஆர்ச், ஒரே பெயர்ப்பலகை. காலையில் ஷிஃப்ட் ஒன், பிற்பகலில் ஷிஃப்ட் டூ. எய்டட் துறையில் ஆசிரியருக்கு அரசு சம்பளம், மாணவருக்குக் குறைந்த கட்டணம். செல்ஃப் பிரிவில் கட்டணம் பல மடங்கு. ஆசிரியருக்கு நிர்வாகம் தருவதுதான் சம்பளம், வேறு நல்ல வேலை கிடைத்தால் நடுவிலேயே கிளம்பிவிடுவார். நூறு வருஷப் பெருமையை நம்பி வரும் பிள்ளை, போன வருஷம் தொடங்கிய துறையில் போய் உட்கார்ந்திருக்கும். ‘கண்டிப்பா இருப்பாங்க’ என்று சொன்ன மாமா இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

அடுத்தது பாடத்திட்டம். லயோலா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி போன்றவை 1978லேயே தன்னாட்சி பெற்றவை. பட்டம் தருவது பல்கலைக்கழகம். என்ன படிப்பது என்பதைத் தீர்மானிப்பது கல்லூரி. இந்தச் சுதந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார்கள் என்று மூன்று வருஷப் பாடங்களை வரிசையாகப் பாருங்கள். மற்ற துறைப் பாடம் எடுக்க இடமிருக்கிறதா, களப்பணி உண்டா, கடைசி ஆண்டில் சொந்தமாக ஒரு திட்டக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறதா? தூய வளனார் கல்லூரியின் ‘ஷெப்பர்டு’ போன்ற கிராமப்பணித் திட்டங்களை மதிப்பெண்ணுக்காகச் செய்கிறார்களா, மெய்யாகவே செய்கிறார்களா என்பதைச் சீனியர் ஒருவரிடம் டீக்கடையில் பத்து நிமிடம் பேசினால் தெரிந்துகொள்ளலாம்.

மதம் பற்றிய பயத்துக்கு அதிக வார்த்தை தேவையில்லை. அரசியல் சட்டத்தின் 28(3) தெளிவாக இருக்கிறது: அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் கல்வி நிறுவனத்தில், சம்மதம் இல்லாமல் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்க முடியாது, மைனரானால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். சாப்பலில் பாட்டு நன்றாக இருந்தால் போய்க் கேளுங்கள். பிடிக்காவிட்டால் நூலகத்துக்குப் போங்கள்.

சேர்ந்தாகிவிட்டது என்றால் முதல் மாதத்தை வீணாக்காதீர்கள். இங்கிலீஷ் வராவிட்டால் தமிழில் கேளுங்கள். வகுப்பில் கூச்சமாக இருந்தால் ஸ்டாஃப் ரூம் வாசலில் போய் நின்று கேளுங்கள். விரட்டுகிற ஆசிரியர் ஒருவர் இருந்தால், உட்காரவைத்துச் சொல்லித்தரும் ஆசிரியர் இருவர் இருப்பார்கள். தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்பவர்கள் செலையூர் ஹால், தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த விடுதிகளில் மாணவர்கள் தங்களுக்குள் தேர்தல் வைத்துப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது பழைய வழக்கம். எந்த ஊர்க் கல்லூரியானாலும் இப்படி ஒரு பொறுப்பு வந்தால் நழுவாதீர்கள். குறிப்பாக மெஸ் கமிட்டி. அரிசி மூட்டை என்ன விலை, காய்கறிக்காரருக்குப் பாக்கி எவ்வளவு என்று எழுதி, மாதக் கடைசியில் இருநூறு பேர் முன்னால் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். சாம்பார் தண்ணியாக இருந்தால் வார்டனைத் திட்ட மாட்டார்கள், உங்களைத்தான் திட்டுவார்கள்.