பரீட்சைக்கு முன்னால் வந்த கடிகாரம்



சென்ற மாதக் கடிதக் கட்டில் கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று இருந்தது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். நூல் மில்லில் வேலை பார்க்கிறார், கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகன், பிளஸ் டூ படிக்கிறான். அவனுக்கு 200 சிசி பைக் வேண்டுமாம். கூடப் படிக்கிற இரண்டு பேர் வாங்கிவிட்டார்கள். இரண்டு வாரமாக வீட்டில் யாரோடும் பேச்சில்லை. சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். ஷோரூமில் விசாரித்த கணக்கையும் அந்தத் தாய் எழுதியிருந்தார்: முன்பணம் 40,000, அப்புறம் மாதம் 6,800 வீதம் 36 தவணை. “என் சம்பளத்துல பாதிக்கு மேல ட்யூவுக்கே போயிரும் சார். அதைக்கூடச் சமாளிச்சிருவோம். ஒத்தப் பைசா சம்பாதிக்காத பையனுக்கு இவ்வளவு பெரிய பொருள வாங்கிக் குடுக்கிறது சரியா? அதை மட்டும் சொல்லுங்க.”

பைக்கைப் பொறுத்தவரை பதில் சுலபம். பையனுக்கு இப்போது 17 வயது. கியர் வண்டி ஓட்ட 18 முடிந்திருக்க வேண்டும். 16 வயதில் 50 சிசிக்கு மேற்படாத கியரில்லாத வண்டிக்கு உரிமம் உண்டுதான், ஆனால் எந்தப் பையன் அதைக் கேட்டு மொட்டை மாடிக்குப் போகிறான்? 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 199ஏ பிரிவின்படி, 18 நிரம்பாதவன் வண்டி ஓட்டிச் சிக்கினால் குற்றம் பெற்றோர் தலையில் அல்லது வண்டிக்காரர் தலையில். மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்து. தனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று நிரூபித்தால் தப்பலாம். கையெழுத்துப் போட்டு வாங்கிக் கொடுத்தவர் அதை எப்படி நிரூபிப்பது? பையனுக்கோ 25 வயது வரை உரிமமே கிடையாது. சில மாதம் பொறுக்காததற்கு எட்டு வருஷம். யாரையாவது இடித்துவிட்டால் இன்னும் மோசம். உரிமம் இல்லாதவன் ஓட்டிய வழக்குகளில், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டிக்காரரிடமே வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. ஆகவே இப்போது பைக் வேண்டாம் அம்மா. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஆனால் அவர் கேட்டது இதை அல்ல. சம்பாதிக்காத பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்பது அவர் கேள்வி. அதுதான் என்னை ஒரு வாரமாகச் சுற்ற வைக்கிறது.

காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், பட்டினப்பாலையில் ஒரு முற்றத்தைக் காட்டுகிறார். காயப்போட்ட தானியத்தைக் கொத்த வருகிறது கோழி. வீட்டுப் பெண் காதில் கிடந்த கனமான குழையைக் கழற்றி அதன்மேல் எறிகிறாள். அந்தப் பொன் குழை வழியில் கிடந்து, காலில் பொன்னணிந்த பிள்ளை உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரை மறிக்கிறது. அந்தப் பிள்ளை எதைச் சம்பாதித்துப் பொன்னணிந்தது என்று புலவர் கேட்கவில்லை. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையிலும் ஒரு சிறுதேரைச் சொல்கிறார். அது தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர். என் மனம் அந்தத் தச்சர் வீட்டுப் பிள்ளைகளிடம்தான் நிற்கிறது. மரம் எது, உளி எது, அப்பா எத்தனை நாள் இழைத்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஆசை வருகிறது. செய்தது அவர்கள் வீடு, உருட்டுவது வேறு பிள்ளைகள்.

திண்டுக்கல் பையன் எனக்கு அந்தத் தச்சர் வீட்டுப் பிள்ளையாகத் தெரிகிறான். வீட்டில் உழைப்பைப் பார்க்காதவன் இல்லை அவன். ஆசைப்பட்டதற்காக அவனை நன்றியில்லாதவன் என்று திட்டிவிட வேண்டாம்.

சரி, சம்பாதிக்க வைத்தே கொடுக்கலாமே என்பீர்கள். நம் வீடுகளில் அதற்கு ஒரு வழி இருக்கிறது: “450 எடு, போன் வாங்கித் தர்றேன்.” நானும் இதைச் செய்தவன்தான், கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறேன். என் மகன் பத்தாம் வகுப்பில் எடுத்தது 447. ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் என் நாற்காலிக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான். “மூணு மார்க்குதானேப்பா, தள்ளுபடி போடுங்க” என்றான். சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தேன். ஜூன் மாதம் பிளஸ் ஒன் புத்தகத்துக்கு அட்டை போடும்போது கேட்டானே ஒரு கேள்வி: “இந்த வருஷம் என்ன ரேட்?”

சிரிப்பு நின்றுவிட்டது. படிப்பை நான்தான் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தேன். பையன் பேரம் மட்டும்தான் பேசினான்.

இதை 1973லேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், அமெரிக்காவில் ஒரு நர்சரிப் பள்ளியில், தாமாகவே வண்ணப் பேனாவை எடுத்துப் படம் வரைகிற பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சில பிள்ளைகளிடம், வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். வேறு சிலருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். மிச்சப் பேருக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அதே பேனாக்களை மேசையில் போட்டு வைத்தார்கள். பேசி வாங்கிய பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆசை குறையவில்லை. சான்றிதழ் எல்லாருக்கும் ஒன்றுதான். முன்னால் பேசிய பேச்சுதான் அவர்களின் விளையாட்டை வேலையாக்கிவிட்டது.

என் அப்பா இந்த ஆராய்ச்சியெல்லாம் படித்தவரில்லை. மதுரையில் மில் தொழிலாளி. 1984, நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத வேண்டும். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு ஷிப்ட் முடிந்து வந்தவர், சட்டைப் பையிலிருந்து ஓர் எச்.எம்.டி. கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டினார். ஏலச்சீட்டு எடுத்த பணம் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அம்மாவுக்கு மனசில்லை. “ரிசல்ட் வரட்டும், அப்புறம் குடுக்கலாம்ல” என்றாள். அப்பா, “பரீட்சையிலதான மணி பாக்கணும்? ரிசல்ட்டுலயா?” என்றார்.

அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் நின்றுவிடும். அப்பா கையில் கடிகாரம் இருந்ததில்லை, மில் சங்குதான் அவருக்கு மணி. கணக்குப் பரீட்சையில் நான் அடிக்கடி மணி பார்த்தேன், சந்தேகமில்லை. 41 மார்க் எடுத்தேன். ரிசல்ட் அன்று ராத்திரி கடிகாரத்தைக் கழற்றி அப்பா தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் அது என் பாயோரத்தில் இருந்தது. சாவி கொடுத்து வைத்திருந்தார். அதைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதென்று மத்திய அரசு 2016இல் முடிவெடுத்த செய்தியை, நான் அந்தக் கடிகாரத்தைக் கட்டிய கையால்தான் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.

நான் எதையும் சம்பாதித்து அதை வாங்கவில்லை. 41 மார்க்குக்கு யார் கடிகாரம் தருவார்? ஆகவே, உழைக்காத பிள்ளைக்கு விலை உயர்ந்த பொருள் கூடாது என்று சட்டம் போட எனக்கு வாய் வரவில்லை. அரசு தருகிற சைக்கிளையும் எந்தப் பிள்ளையும் சம்பாதிக்கவில்லை. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் திட்டம் வந்தது. அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்று கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். இலவசம் சோம்பேறியாக்கும் என்பவர்கள், தூரத்துப் பள்ளிக்கு மிதித்துப் போகிற அந்தப் பெண்களை ஒருநாள் பார்க்க வேண்டும்.

நான் பார்ப்பது இரண்டு விஷயங்களைத்தான். பொருளுக்கு ஒரு வேலை இருக்கிறதா? வீட்டுக்கு அது எவ்வளவு கனம் என்று பிள்ளைக்குத் தெரியுமா? கடிகாரத்துக்குப் பரீட்சை இருந்தது. இந்த பைக்குக்குப் பள்ளி வாசலில் நிற்பதைத் தவிர வேலை என்னவென்று கடிதத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டாவது விஷயத்துக்கு அந்தத் தாயே பதில் எழுதியிருக்கிறார்: “என் சம்பளம் எவ்வளவுன்னு அவனுக்குத் தெரியாது சார், சொன்னதில்ல.”

அதைச் சொல்லிவிடுங்கள் அம்மா. “உனக்காகத்தான் நான் தேய்கிறேன்” என்று அழுது சொல்ல வேண்டாம், அது அவன் தலையில் கட்டும் இன்னொரு தவணை. ஒரு தாளில் உங்கள் சம்பளம், அப்பாவின் வாடகை வரும்படி, அரிசி, கரண்ட் பில் எல்லாம் எழுதி அவனிடமே கொடுங்கள். 36 தவணையை அவனே பெருக்கட்டும்: 2,44,800. முன்பணத்தோடு 2,84,800. கடைசி ட்யூ கட்டும்போது அவனுக்கு 20 வயது தாண்டியிருக்கும், கல்லூரிக் கட்டணமும் அதே மூன்று வருஷத்தில்தான் வரும். தாளை வைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். மார்க் பேரம் மட்டும் வேண்டாம், அந்தக் கடையை நான் நடத்திப் பார்த்துவிட்டேன்.

மற்ற வாசகர்களுக்கு: நீங்கள் சம்பாதிக்காமலேயே சின்ன வயதில் கைக்கு வந்த விலை உயர்ந்த பொருள் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். அது உங்களை என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், கெடுத்திருந்தாலும் பரவாயில்லை. திண்டுக்கல் சகோதரிக்குத் தனியாகவும் பதில் போட்டிருக்கிறேன். தம்பி, இந்த இதழ் உன் கைக்கு வந்தால் நீயும் ஒரு கடிதம் எழுது. பைக் ஏன் வேண்டும் என்று உன் அம்மா சொல்லித்தான் கேட்டேன், நீ சொல்லிக் கேட்கவில்லை. ஒரு பக்கம் உனக்காக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்