கட்டை கனக்கிறதா? பார்த்து வாங்குங்கள்!

கார்த்திகை மாதத்து இரவு. நாகலாபுரத்துக்குக் கிழக்கே ஒரு மக்காச்சோளப் புஞ்சை. கதிர் பிடித்து நிற்கிறது. காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்க அண்ணாச்சி புறப்பட்டார். நானும் கூடப் போனேன்.

அவர் கையில் புது டார்ச் லைட். "இரண்டு கிலோமீட்டர் அடிக்கும்" என்று சொல்லி விற்றார்களாம்.

நடுச்சாமம். தட்டை முறிகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி லைட்டை அடித்தார். பகல் போல வெளிச்சம்! நாலைந்து உருவங்கள் தெரிந்தன. பத்து நிமிடம் விரட்டியிருப்போம். பொசுக்கென்று விளக்கு அணைந்தது.

முன்னே பன்றிக் கூட்டம். காலில் அப்பிய ஈரக் கரிசல். விரியன் பாம்பு நடமாடுகிற நேரம்.

"தம்பி, ஆடாம அசையாம நில்லு!" என்றார் அண்ணாச்சி.

நின்றோம். பன்றிகள் நிற்கவில்லை. விடிந்து பார்த்தால், அரைக் குறுக்கம் நிலத்துக் கதிர் போயிருந்தது.

அண்ணாச்சி லைட்டைத் திட்டினார். லைட்டின்மேல் குற்றம் இல்லை. உள்ளே கிடந்த பாட்டரிக்கட்டைதான் மோசம் செய்தது. அதன் மேலே 9,900 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதுதான் பொய்!

எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள்

இந்தக் கட்டைக்கு 18650 என்று பெயர். பெயரிலேயே அளவு இருக்கிறது. குறுக்களவு 18 மில்லிமீட்டர். நீளம் 65 மில்லிமீட்டர். கடைசிச் சைபர், உருளை வடிவம் என்பதற்கு அடையாளம். உள்ளே இருப்பது லித்தியம் அயன் சரக்கு. 1991-ல் ஜப்பானின் சோனி கம்பெனி இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

அன்று முதல் உலகத்துப் பெரிய கம்பெனிகள் எல்லாம் இதைப் பெருக்கப் படாத பாடு பட்டன. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் நல்ல 18650 கட்டை, 3,500 மில்லி ஆம்பியர்-மணியை ஒட்டி நின்றுவிடும். பெயர் தெரியாத ஒருவர் மட்டும் அதே கூட்டுக்குள் 9,900-ஐ அடைத்துவிட்டாராம்! நம்பலாமா?

சரி, 3,500 இருந்தால் போதுமா? போதாது.

கண்மாய் நிறையத் தண்ணீர் இருக்கிறது. மடை மட்டும் சுண்டுவிரல் அகலம். வயல் நனையுமா? மில்லி ஆம்பியர்-மணி என்பது கண்மாயில் உள்ள தண்ணீர். ஆம்பியர் என்பது மடையின் அகலம். 20 வாட் விளக்கு ஒற்றைக் கட்டையில் எரிய, ஐந்து ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே, "இந்தக் கட்டை எத்தனை ஆம்பியர் விடாமல் கொடுக்கும்?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். பழைய லாப்டாப்பில் இருந்து உருவி, புதுத் தாள் சுற்றி விற்கிற கட்டைகளும் உண்டு. அவற்றின் மடை தூர்ந்து போயிருக்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 3,500 கட்டையில் அடங்குவது சுமார் 12 வாட்-மணி. 10 வாட்டில் எரித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஒரு வாட்டில் எரித்தால் இரவு முழுக்க எரியும். மங்கலில் வைத்துக்கொண்டு, சத்தம் கேட்கும்போது மட்டும் பெரிய வெளிச்சத்தைப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம்.

நகைக்கடைத் தராசு

மறுநாள் அண்ணாச்சி கட்டையை எடுத்துக்கொண்டு தெரிந்தவரின் நகைக்கடைக்குப் போனார். தராசில் வைத்தார்கள். 31 கிராம்! நல்ல 18650 கட்டை 45 கிராமை ஒட்டி இருக்கும். மீதி எடை எங்கே போயிற்று? இப்படிப்பட்ட கட்டைகளைப் பிரித்தவர்கள், உள்ளே ஒரு குட்டிக் கட்டையையும், மிச்சத்துக்கு வெறும் பொடியையும் கண்டிருக்கிறார்கள். நீங்கள் பிரித்துப் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும்.

எடை சரியாக இருந்தாலும் கட்டை கிழடாக இருக்கலாம். அதற்கு மீட்டர் வேண்டும். நிறையச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட் காட்டும். ஓர் இரவு சும்மா வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். 4-க்குக் கீழே இறங்கிவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு கட்டை போடுகிற லைட்டா? ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கிய ஜோடியாகப் போடுங்கள். இளங்காளையையும் கிழட்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டுவோமா? பலவீனமான கட்டை முதலில் காலியாகிவிடும். மற்றது அதை மேலும் இழுக்கும். அது சூடேறி வெடிக்கவும் கூடும்.

நெருப்பைப் பற்றிக் கோவில்பட்டிச் சீமைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீசில் எத்தனை கட்டுப்பாடு! ஆனால் வீட்டில் என்ன செய்கிறோம்? கட்டிலுக்கு அடியில், பருத்தி அம்பாரத்துக்குப் பக்கத்தில், இராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். பகலில் போடுங்கள். சிமெண்டுத் தரையில், கண் பார்வையில் வைத்துப் போடுங்கள். 4.2 வோல்ட் வந்ததும் தானே நிறுத்துகிற சார்ஜராக இருக்கட்டும். கட்டையும் பாதுகாப்புச் சுற்று உள்ளதாக இருந்தால் நல்லது. அது சில மில்லிமீட்டர் நீளம் கூடும், லைட்டுக்குள் நுழைகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் கொல்லைக்குப் போய்வர இத்தனை ஆர்ப்பாட்டம் தேவை இல்லை. 1.2 வோல்ட் நிக்கல் கட்டை தாராளமாகப் போதும். விலை மலிவு, பயமும் குறைவு. சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றுகிற பழைய மாதிரி லைட்டுகள் பலவற்றில் ஈயக் கட்டை இருக்கிறது. அறுவடை முடிந்து மூலையில் போட்டால், அடுத்த கார்த்திகையில் அது செத்துக் கிடக்கும். அதை மாதம் ஒருமுறையாவது சார்ஜ் ஏற்ற வேண்டும்.

யார் கேட்பது?

இந்தியாவில் விற்கும் இத்தகைய கட்டைகளுக்குத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஐ.எஸ். 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். எத்தனை பேர் அதைத் தேடிப் பார்க்கிறோம்? எத்தனை அதிகாரிகள் கிராமத்துக் கடைப் படியேறிச் சோதிக்கிறார்கள்?

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். பாட்டரி ஆராய்ச்சி அங்கே முக்கிய வேலை. அந்த அறிவில் ஒரு துளி கரிசலுக்கு வரக்கூடாதா? விதைப்புக்கு முன்னால், கூட்டுறவுச் சங்கத்து வாசலில் ஒரு மேசை, ஒரு தராசு, ஒரு மீட்டர். அவ்வளவுதான் கேட்கிறேன். அதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் எதுவும் வேண்டாம். வெளிச்சத்தை நம்ப முடியாமல்தான் சிலர் வேலியில் திருட்டுக் கரண்டைக் கொடுக்கிறார்கள். அதில் மனிதர்களே செத்துப் போகிறார்கள்.

அண்ணாச்சி லைட்டை மாற்றவில்லை. கட்டையை மட்டும் மாற்றினார். விலை மூன்று மடங்கு. நேரே நகைக்கடைக்குக் கொண்டுபோய் எடை போட்டார். 46 கிராம். தை அறுவடை வரை அந்தக் கட்டைதான் அவரோடு காவல் இருந்தது.